விறாந்தை மூலையில் ஒரு செய்திச்சாலை

எமது வீட்டு விறாந்தையின் தென்மூலையில், பழைய தையல் இயந்திரத்துக்குப் பக்கத்திலே, கறுத்த பெட்டியொன்று இரவும் பகலும் மூசிக்கொண்டிருக்கிறது. வருகின்ற விருந்தினருள் அதைப்பற்றி விசாரியாது போனவர் அரியர். குளிர்சாதனப் பெட்டியோ என்று ஐயுற்றோரும் உளர். "உந்தப் பெட்டிக்குக் கறண்டுக் காசு கட்டியே எனக்கு வயது போட்டுது" என்று எமது மனையாள் தேநீரோடு சேர்த்து ஒரு விடையையும் அவர்களுக்கு வழங்கிவிடுவது வழக்கம். எமது விடை சற்று நீண்டது. அதனையே இன்று வாசக நேயர்களுக்குச் சொல்லப் புகுந்தோம்.

அப்பெட்டி ஒரு செய்திச் சேவையகம். செய்திக்குழுக்களைத் தாங்கி நிற்கும் கணினிக்கு அப்பெயர். மின்னஞ்சல் இன்னதென்பதை இந்நாளில் பாலர் வகுப்புப் பிள்ளையும் அறியும்; ஒருவர் எழுதி மற்றொருவருக்கோ ஒரு சிலருக்கோ அனுப்புவது அது. செய்திக்குழு அப்படியன்று. ஊர் வாசிகசாலைச் சுவரிலே ஒரு பலகை இருக்கிறதென வைத்துக்கொள்வோம். ஒருவர் அதில் ஒரு மடலை எழுதி ஒட்டுகிறார். அடுத்த ஊர் வாசிகசாலைக்காரர் இரவிலே வந்து அதைப் பிரதிசெய்து தமது பலகையில் ஒட்டுகிறார். அவரிடமிருந்து அதற்கடுத்த ஊரார் எடுத்துக்கொள்கின்றனர். விடியும்போது பத்து ஊர்ப் பலகைகளிலும் அந்த மடல் தொங்கும். தலைமைப் பலகை என்று ஒன்று கிடையாது. ஓர் ஊர்ப் பலகை சரிந்து விழுந்தாலும் மற்றைய ஒன்பதும் நிற்கும். பலகைக்குப் பதிலாகக் கணினியையும், இரவில் வரும் மனிதருக்குப் பதிலாகத் தொலைபேசிக் கம்பியையும் வைத்துவிட்டால் அதுவே யூஸ்நெற் என்னும் அமைப்பு.

இதனை ஆக்கியோர் பெருங் கம்பனிக்காரர் அல்லர், மாணவர். 1979ஆம் ஆண்டின் பிற்பகுதியில், அமெரிக்காவின் வட கரோலைனா மாநிலத்திலுள்ள டியூக் பல்கலைக்கழகத்தில் பட்டப்பின் படிப்பிலிருந்த ரொம் ட்ரஸ்கொற், ஜிம் எல்லிஸ் என்னும் இருவர் இவ்வெண்ணத்தைக் கொண்டனர். அயலிலே சப்பல் ஹில் நகரில் இருந்த வட கரோலைனாப் பல்கலைக்கழக மாணவர் ஸ்டீவ் பெலோவின் முதல் நிரலை எழுதினார். எதில் எழுதினார் என்பதே இங்கே கவனிக்கத்தக்கது. யுனிக்ஸ் இயக்கமுறைமையின் 'ஷெல்' எனப்படும் கட்டளைமொழியில், ஒரு சிறு குறுநிரலாக எழுதினார். பிள்ளைகள் இதனை 'ஸ்கிரிப்ட்' என்பர். அது மிக மெதுவாக ஓடியது. அதனால் ஸ்டீபன் டானியல் என்பவர் அதைச் 'சி' மொழியில் திருப்பி எழுதினார். ஒரு குழுவுக்கு நாளொன்றுக்கு ஒரு சில மடல்களுக்கு மேல் வரும் என்று அவர்கள் எதிர்பார்க்கவேயில்லை. இன்றோ உலகெங்கும் ஒரு நாளில் ஓடும் யூஸ்நெற் சரக்கு பல ரெறாபைற்று. அதிற் பெரும்பங்கு கோப்புக்களே, மனிதர் எழுதும் மடல் சொற்பம். வீட்டுப் பெட்டியால் அத்தனையையும் தாங்க இயலாது. தாங்கவேண்டிய அவசியமும் இல்லை. வேண்டிய குழுவை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

அக்காலத்தில் கணினிகள் தொலைபேசி வழியாக, இரவிலே கட்டணம் குறைந்த வேளை பார்த்து, வினாடிக்கு 300 பிட் என்னும் ஆமை வேகத்தில் ஒன்றோடொன்று பேசின. ஒரே மடல் சுற்றிச் சுற்றி வந்து சேராதிருக்க இரண்டு உபாயங்கள் செய்யப்பட்டன. ஒவ்வொரு மடலுக்கும் உலகில் வேறெதற்கும் இல்லாத ஓர் அடையாளக்குறி உண்டு. அதைவிட, மடல் தான் வந்த வழியைத் தலைப்பிலேயே சுமந்து திரியும். தபாற்கந்தோர்கள் தோறும் முத்திரை குத்தப்பட்ட கடித உறையைப் போன்றது அது. பக்கத்துச் சேவையகத்தின் பெயர் அவ்வழியில் ஏற்கெனவே இருக்குமாயின் அதற்கு மடல் அனுப்பப்படமாட்டாது. அடையாளக்குறி முன்னரே கணக்கில் இருக்குமாயின் மடல் ஏற்கப்படமாட்டாது. இந்த இரண்டாவது விதி பின்னர் எம்மை எவ்வளவு அலைக்கழித்தது என்பதைச் சொல்லுவோம்.

1986இல் பிரையன் கன்ரர், ஃபில் லாப்ஸ்லி என்போர் இணையத்தின் வழியே செய்தி கொண்டுசெல்லும் ஒழுங்கு ஒன்றை வகுத்தனர். அதன் அழகு என்னவெனில், மனிதனே சேவையகத்தோடு விசைப்பலகையில் உரையாடலாம் என்பது. இன்ன குழு என்று கேட்டால், '211' என்ற எண்ணோடு எத்தனை மடல் உண்டு, முதல் எண் எது, கடைசி எண் எது என்று சொல்லும். இன்ன மடல் என்று கேட்டால் '220' என்று கூறி மடலைத் தரும். இல்லாததைக் கேட்டால் '430' என்னும். அத்தகைய மடல் இல்லை என்பது பொருள். ஒளிவு மறைவில்லாத, அரசாங்க எழுதுவினைஞர் போன்ற பேச்சு. பல்கலைக்கழகப் பிள்ளைகள் வலையமைப்பைப் படிக்கும்போது இதை ஒரு முறை கையாலே செய்து பார்த்தார்களாயின் பத்து விரிவுரையின் பயன் கிட்டும் என்பது எமது அபிப்பிராயம்.

வீட்டிலே வைக்கக்கூடிய சேவையக நிரல்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. நோர்வே நாட்டு ஆர்ன்ற் குல்பிரான்சன் எழுதிய 'லீஃப்நோட்' ஒன்று. அது வீட்டார் எந்தக் குழுவைத் திறந்து வாசிக்கிறார்களோ அதன் மடல்களை மட்டும் மேலிடத்திலிருந்து கொண்டுவரும். சில நாள் எவரும் எட்டிப் பாராதுவிட்டால் தானே நிறுத்திக்கொள்ளும். சிக்கனமான வேலையாள். 1992இல் ரிச் சால்ஸ் வெளியிட்ட 'ஐ.என்.என்.' மற்றொன்று, இது பெரிய நிறுவனங்களுக்கு என ஆக்கப்பட்ட யானை. நாம் யானையையே கட்டினோம். சொந்தமாக ஒரு குழு வைத்துப் பிறருடைய சேவையகங்களோடு பகிரவேண்டும் என்ற ஆசையே அதற்குக் காரணம்.

2009ஆம் ஆண்டில் அதைத் தொடங்கியபோது எம்மோடு ஒரு வகுப்பிலே படித்தவர்கள் உலகின் நாற்றிசையிலும் சிதறியிருந்தனர். ஒருவர் ரொறன்ரோவில், ஒருவர் நோர்வேயில், இருவர் யாழ்ப்பாணத்தில், ஒருவர் மட்டக்களப்பில். எல்லாருக்கும் பொதுவாக ஒரு குழு திறந்தோம். மட்டக்களப்பு நண்பர் ஓய்வுபெற்ற ஆசிரியர். அவர்தான் அதிகம் எழுதியவர். 1978ஆம் ஆண்டு நவம்பரில் கீழ்மாகாணத்தைச் சூறையாடிய புயலைப்பற்றி, தாம் கண்டதையும் பட்டதையும், கிழமைக்கொரு மடலாக இரண்டு வருடம் எழுதினார். கூரை போன விதம், தென்னைகள் முறிந்த ஓசை, மறுநாள் எந்தத் தெருவால் யார் நடந்து வந்தார் என்பது வரை எழுதினார். வரலாற்றுப் புத்தகங்களில் இருக்காத சங்கதிகள்.

அவரிடம் ஒரு பிடிவாதம் இருந்தது. பாமினி எழுத்துருவிலே தட்டெழுதிப் பழகிய கை, யுனிக்கோட்டுக்கு மாறமாட்டாது என்று நின்றுவிட்டார். பாமினி என்பது ஆங்கில எழுத்துக்களின் இடத்திலே தமிழ் வடிவங்களை வைத்துச் செய்த எழுத்துரு. அது இருக்கும் கணினியில் மடல் தமிழாகத் தோன்றும். இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக்களும் அரைப்புள்ளிகளும் கலந்த குழப்பமாகத் தோன்றும். நோர்வே நண்பர் இரண்டு மாதமாக அக்குழப்பத்தைப் பார்த்துவிட்டு, "மாஸ்டருக்குக் கை நடுக்கமோ?" என்று எமக்குத் தனியாக எழுதிக் கேட்டார்.

அதற்காகவே எமது முதலாவது குறுநிரலை எழுதினோம். குறுநிரல் எழுதிப் பகிர்வது செய்திக்குழுக்களின் பழைய குலவழக்கம். இவ்விடத்தில் லாரி வால் என்பவரைச் சொல்லாமற் போவது தகாது. 1985இல் அவர் 'பாட்ச்' என்னும் சிறு நிரலைச் செய்திக்குழுவிலே வெளியிட்டார். ஒருவருடைய நிரலில் மற்றொருவர் நாலு வரியைத் திருத்தினால், முழுவதையும் திருப்பியனுப்பாமல், வேறுபட்ட வரிகளை மட்டும் அனுப்பலாம். பெற்றவரிடத்தில் 'பாட்ச்' அவற்றைத் தக்க இடத்திலே பொருத்திவிடும். தொலைபேசிக் கட்டணம் எண்ணிச் செலவிட்ட காலத்தில் அது பெரிய உபகாரம். 1987 டிசம்பரில் அவரே 'பேர்ள்' என்னும் மொழியையும் வெளியிட்டார். பல கோப்புக்களை ஒரே மடலாகக் கட்டியனுப்பும் 'ஷார்' என்றொரு முறையும் வழங்கிற்று. பெற்றவர் அந்த மடலையே கட்டளையாக ஓட்டினால் அது தானாகப் பிரிந்துகொள்ளும். முன்பின் அறியாதவர் தந்த பொட்டலத்தை வாயிற் போட்டுப் பார்ப்பதற்கு ஒப்பான காரியம் இது. அக்கால மனிதர் ஒருவரையொருவர் அவ்வளவுக்கு நம்பினர். இக்காலப் பிள்ளைகள் ஒரு வரி விடாது வாசித்துப் பார்த்தே பிறர் குறுநிரலை ஓட்டவேண்டும்.

எமது குறுநிரலுக்கு மீள்வோம். பாமினியிலே 'கெ' என்று எழுத, கொம்பை முதலிலும் ககரத்தைப் பின்னரும் தட்டவேண்டும். யுனிக்கோட்டிலே ககரம் முன், கொம்பு பின். ஆகவே இடமாற்றவேண்டும். 'கொ' என்றால் கொம்பு, ககரம், அரவு என மூன்றையும் சேர்த்துப் பிடிக்கவேண்டும். முதலில் கொம்பை மாற்றிவிட்டால் அரவு அநாதையாக நிற்கும். இவ்வளவையும் யோசித்து எழுதி, பெருமையோடு குழுவிலே பகிர்ந்தோம். மறுநாள் நண்பரின் மடல் யுனிக்கோட்டிலே வந்தது. புயலோடு வந்த வெள்ளத்தைப்பற்றிய மடல். வெள்ளம் என்ற சொல் வந்த இடமெல்லாம் வகரத்தோடு ஔகாரம் சேர்ந்து, அதன்மேல் ஒரு புள்ளி அந்தரத்திலே தொங்கியது. கொம்பும் வகரமும் ளகரமும் அடுத்தடுத்து வந்ததைக் கண்டு, எமது நிரல் அதை ஔகாரமென எண்ணிவிட்டது. வெள்ளை, வெளி, வெளிச்சம் யாவும் அவ்வாறே கெட்டன.

பிழையைத் திருத்தியவர் நாம் அல்லேம். நண்பரின் பழைய மாணாக்கர், அப்போது கிழக்குப் பல்கலைக்கழகத்திலே படித்துக்கொண்டிருந்த ஒரு பிள்ளை, இரண்டே வரிகளை அனுப்பினார். ளகரத்துக்குப் பின் புள்ளியோ உயிர்க்குறியோ வருமாயின் அது ஔகாரம் அன்று, ளகரமே. எவ்வளவு எளிய விதி! 'பாட்ச்' அதைப் பொருத்திற்று, வெள்ளம் வெள்ளமாயிற்று.

நண்பர் 2016இல் காலமானார். குழு அதன்பின் மெலிந்தது. ஆயினும் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது.

இனி எமது மடமையைச் சொல்லவேண்டும். 2021ஆம் ஆண்டு, வெளி உலகக் குழுக்களிலிருந்து வந்த விளம்பரக் குப்பையால் வட்டு நிரம்பத் தொடங்கிற்று. மடல்களை எத்தனை நாள் வைத்திருப்பது என்பதை ஐ.என்.என். ஒரு சிறு கோப்பிலே வரிவரியாகப் பார்க்கும். எமது குழுவை ஒருபோதும் அழிக்கலாகாது என்ற வரி அதிலே இருந்தது. வட்டு நிரம்பும்போதெல்லாம், எல்லாக் குழுக்களுக்கும் பத்து நாள் என்ற ஒரு வரியைத் தானாகச் சேர்க்கும் குறுநிரலொன்றை எழுதினோம். அது அவ்வரியைக் கோப்பின் இறுதியிலே சேர்த்தது. ஒரு குழுவுக்குப் பல வரிகள் பொருந்துமாயின் கடைசியாகப் பொருந்துவதே செல்லும் என்பது கைந்நூலில் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. நாமும் அதை ஒருகாலத்தில் வாசித்தோம்.

விடிய 3 மணிக்குச் சேவையகம் தன் நித்திய துப்புரவு வேலையைச் செய்தது. 5 மணிக்கு எமது மற்றொரு குறுநிரல் எழுந்து, வெளித்தட்டிலுள்ள பிரதியை மூலத்தோடு ஒப்பிட்டு, மூலத்தில் இல்லாதவற்றைப் பிரதியிலிருந்தும் நீக்கிற்று. இரண்டு குறுநிரல்களும் தத்தம் கடமையை வழுவின்றிச் செய்தன. 7 மணிக்கு நாம் தேநீர்க் கோப்பையோடு வந்து குழுவைத் திறந்தோம். '211' என்றது, அதற்கடுத்து எண்ணிக்கை பூச்சியம் என்றது. நண்பரின் முதல் மடலை அடையாளக்குறி சொல்லிக் கேட்டோம். '430'. அன்று மனையாள் பெட்டியைப்பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

உலகத்து யூஸ்நெற்றின் முதற் பத்தாண்டும் ஏறக்குறைய இவ்வாறே மறைந்திருக்கும். மடல்களை நெடுநாள் வைத்திருப்பது எவருடைய நோக்கமுமன்று. வட்டு விலையேறிய காலம். ரொறன்ரோப் பல்கலைக்கழக விலங்கியற் பகுதியில் கணினிகளைப் பார்த்துவந்த ஹென்றி ஸ்பென்சர் என்பவர் 1981 முதல் 1991 வரை வந்த மடல்களைக் காந்த நாடாக்களிலே பதித்துப் பத்திரப்படுத்தினார். 141 நாடாக்கள், இருபது இலட்சம் மடல்கள். 2001இல் கூகிள் நிறுவனம் பழைய மடல்களை எல்லாரும் தேடி வாசிக்கத் திறந்துவிட்டபோது, முற்பகுதி அந்த நாடாக்களிலிருந்தே வந்தது. அந்நிறுவனமும் 2024 பெப்ரவரியில் யூஸ்நெற்றோடு மடல் பரிமாறுவதை நிறுத்திக்கொண்டது. பழையன வாசிக்கமட்டும் உள. டியூக் பல்கலைக்கழகமோ, தான் பெற்ற குழந்தையின் சேவையகத்தை 2010 மே மாதத்திலேயே மூடிவிட்டது. லினஸ் ரோவால்ட்ஸ் தாம் பொழுதுபோக்காக ஓர் இயக்கமுறைமை செய்வதாக அறிவித்தது ஒரு செய்திக்குழுவிலே, 1991 ஓகஸ்டில். வைய விரிவு வலையைப்பற்றி ரிம் பேர்னர்ஸ்-லீ செய்திக்குழுவொன்றில் அறிவித்ததும் அதே மாதத்தில். பின்னாளில் எது பெறுமதி பெறும் என்று அன்று அவற்றை வாசித்தவர்க்குத் தெரிந்திருக்க வழியில்லை.

எமக்கு ஒரு ஹென்றி ஸ்பென்சர் இருந்தார். அரை மனிதர் என்று சொல்லலாம். ரொறன்ரோ நண்பர் 2014இலிருந்து தம் வீட்டிலும் சேவையகம் வைத்து எமது குழுவைப் பகிர்ந்துவந்தார், எதையும் அழித்தாரில்லை. அவரிடமிருந்து திருப்பியெடுக்க முனைந்தோம். எமது பெட்டி '435' என்றது. இந்த மடல் ஏற்கெனவே வந்தது, வேண்டாம் என்பது பொருள். மடலை அழித்த பின்னும் அதன் அடையாளக்குறியை அது சில காலம் நினைவில் வைத்திருக்கும். முன்னர் சொன்ன இரண்டாவது விதி. கணக்கேட்டை அழித்துப் புதிதாக எழுதச் செய்தோம். இப்போது '437' என்றது. மடல் மிகவும் பழையதாம். பத்து நாளுக்கு முற்பட்ட மடலை ஏற்பதில்லை என்பது அதன் இயல்பான அமைப்பு. தன் சொந்தப் பிள்ளையை வயது போனவன் என்று வாசலிலே தடுத்து நிறுத்திற்று. அமைப்பைப் பூச்சியமாக்கிய பின்னரே கதவு திறந்தது.

2014க்குப் பிற்பட்டவை வந்துவிட்டன. புயல் மடல்கள் அதற்கு முற்பட்டவை.

நண்பரின் மகளுக்கு எழுத எமக்குக் கை கூசிற்று. எழுதினோம். தகப்பனாரின் மடிக்கணினி அலுமாரிக்கு மேலே இருக்கிறது, மின்கலம் செத்துவிட்டது என்று பதில் வந்தது. இரண்டு வரி அனுப்பி வெள்ளத்தைக் காப்பாற்றிய அதே மாணாக்கர், இப்போது உத்தியோகத்திலிருப்பவர், பொருந்தக்கூடிய மின்னேற்றி ஒன்றைத் தேடி எடுத்துக்கொண்டு அவ்வீட்டுக்குப் போனார். அனுப்பிய மடல்களின் பிரதிகள் ஒரே நெடுங்கோப்பாக அக்கணினியிலே கிடந்தன. நாற்பது வரியில் ஒரு குறுநிரல் எழுதினோம். கோப்பை மடல் மடலாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் அதன் பழைய அடையாளக்குறியோடு, பழைய திகதியோடு குழுவிலே சேர்ப்பது அதன் வேலை. இம்முறை ஓட்டுவதற்கு முன் மூன்று நாள் வாசித்துப் பார்த்தோம். வேண்டியவர்க்கெல்லாம் அதைக் கொடுத்து வருகிறோம். தொடக்கத்திலே எமது மடமையும் இரண்டு வரியில் எழுதப்பட்டிருக்கிறது.

2022இல் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை நீண்டபோது பெட்டி கிடந்து கிடந்து எழும்பிற்று. ரொறன்ரோச் சேவையகம் பொறுமையோடு மடல்களைச் சேர்த்து வைத்திருந்து, எமக்கு மின்சாரம் வந்த வேளையெல்லாம் அனுப்பிற்று. அதனால் ஒன்றும் இழக்கவில்லை.

ஒன்றுமட்டும் கூடவில்லை. மகள் வீட்டுக் கணினியில் இருந்தவை நண்பர் எழுதியவை மாத்திரமே. மற்றவர்கள் அந்நாளில் அவரிடம் கேட்டவை அங்கே இல்லை. பதில் எழுதும்போது கேள்வியையும் மேலே வைத்து எழுதுவது செய்திக்குழு வழக்கமாயினும், அவர் அதை வெட்டிவிடுவார். பாமினி மடலுக்குள் எமது யுனிக்கோட்டு வரிகள் வெறும் கேள்விக்குறி வரிசையாக மாறிவிடுகின்றன என்பது அவர் முறைப்பாடு. ஆகவே இன்று விடைகள் உள, வினாக்கள் இல. ஒவ்வொரு விடையின் தலைப்பிலும் வினாவின் அடையாளக்குறி இருக்கிறது. அதைச் சொல்லிக் கேட்டால் '430' என்கிறது.

அவற்றிலொன்று இப்படித் தொடங்குகிறது: "நீர் கேட்டது சரி. ஆனால் அன்றைக்கு நாங்கள் பாலத்தால் போகவில்லை, தோணியிலேதான் போனோம்." மடல் எம் பெயருக்கு எழுதப்பட்டது, கேட்டவர் நாமே. என்ன கேட்டோம் என்பதை யாழ்ப்பாணத்து நண்பர் இருவரிடமும், நோர்வேக்காரரிடமும் விசாரித்துப் பார்த்தோம். அவர்களுக்கும் நினைவில் இல்லை.